தம்ளருக்கடியில் பத்து வெள்ளி

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. பிள்ளைகள் நம்மைப் பெரிய சாப்பாட்டுக் கடைகளுக்குக் கூட்டிப் போகிறார்களே, சாப்பிட்டு எழும்போது மேசையில் எவ்வளவு வைக்கிறீர்கள்? வைக்கிறீர்களா, இல்லை என் மகனைப் போல "அதெல்லாம் பில்லுலயே புடிச்சிட்டான்லா, வாங்க" என்று எழுந்து வந்துவிடுகிறீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஷா ஆலாமில் ஒரு குளுகுளு கடைக்குக் கூட்டிப் போனான். இலைச் சாப்பாடுதான். ஆனால் இலையைத் தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி வைத்திருந்தார்கள், அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பரிமாறியவன் எந்த நாட்டுப் பிள்ளையோ, தமிழ் தெரியாது. நான் பாகற்காய்ப் பொரியலை முதலில் தின்று முடித்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி கொண்டுவந்து வைத்தான். எழும்போது பையைத் திறந்து ஒரு சிவப்புப் பத்து வெள்ளி நோட்டும் ஒரு நீல ஒரு வெள்ளி நோட்டும் எடுத்துத் தம்ளருக்கடியில் வைத்தேன்.

"அம்மா, பத்து வெள்ளியே ஜாஸ்தி. அது என்னா பதினொண்ணு? மொய் எழுதுறீங்களா?" என்றான் மகன். மருமகளும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அவனுக்குச் சொன்னால் பாதியில் கைப்பேசியை எடுத்துவிடுவான். உங்களுக்குச் சொல்கிறேன், நீங்களாவது கேளுங்கள்.

எங்கள் செம்பனைத் தோட்டம் அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருந்தது. இப்போது அங்கே வரிசை வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு பெட்ரோல் நிலையம். அப்பா தோட்டத்து லோரி டிரைவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போய் வருவார். துவைத்த சட்டையில்கூட அந்தப் புளித்த எண்ணெய் வாசம் போகாது. லோரி ஓட்டுகிறவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தொழிலாளர் லயத்தில் பாதிப் பேர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், டிரைவர் என்பார்கள்.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. அம்மா கல்யாணம் கட்டி வந்தபோது சித்தப்பாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்ததாம். "இவன நாந்தான் குளிப்பாட்டி, தல சீவி, இஸ்கூலுக்கு அனுப்புனேன்" என்று அம்மா யாரிடமாவது சொல்லும்போது, சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்பா ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் நாலு தடவை நடந்து, சித்தப்பாவுக்குக் குலை வெட்டும் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்த வேலை சித்தப்பாவுக்கு ஒட்டவே இல்லை. செம்பனை முள் ஏறி உள்ளங்கை வீங்கிப்போகும். அம்மா ஊசியைச் சுட்டு முள்ளை எடுத்துவிடுவார். ஒரு சாயங்காலம் சித்தப்பா அரிவாள் கம்பை மண்டோர் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கோலசிலாங்கூர்ல சாப்பாட்டுக் கடையில ஆள் கேக்கிறாங்க. நான் போறேன்."

"என்னா வேல?"

"பரிமாறுற வேல."

"பரிமாறிட்டு?"

பரிமாறியவன்தான் இலையையும் எடுக்க வேண்டும். அது எனக்கே தெரியும்.

"கண்டவன் எச்சி எலய எடுக்கிறவன் எம் பந்தியில உக்கார வேணாம்" என்றார் அப்பா.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அம்மா சித்தப்பாவுக்குப் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. இரண்டு சட்டையை ஒரு காகிதப் பையில் திணித்துக்கொண்டு அவர் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். அப்பா கை கழுவிவிட்டு வந்து, "பஸ் போயிருச்சா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அடுத்த சம்பளச் சனிக்கிழமை, அப்பா சவரம் செய்துகொண்டே சொன்னார்: "கோலசிலாங்கூர் போயி சாப்புட்டு வருவோம். அங்க ஒரு கடையில மீன் கொழம்பு நல்லா வைக்கிறானாம்."

மீன் குழம்புக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? ஜெராமிலிருந்து மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே வருவார். அம்மா முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, எனக்கு இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினார். கை அவ்வளவு வேகமாக ஓடியது.

கடை பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. பளிங்கு மேசைகள். தரை எந்நேரமும் ஈரம். ஊதுவத்தியும் மீன் பொரிக்கிற புகையும் சேர்ந்த ஒரு வாசம். கல்லா மேசையில் ஒரு மைலோ டின், மூடியில் காசு போகிற அளவுக்கு வெட்டியிருந்தது. சாப்பிட்டு எழுகிற ஆட்கள், தோட்டத்து ஆபீஸ் கிராணிமார், லோரிக்காரர்கள், மீன் வியாபாரம் பார்க்கும் சீன முதலாளி, யாராக இருந்தாலும் தம்ளருக்கடியில் ஐந்து காசோ பத்துக் காசோ வைத்துவிட்டுப் போவார்கள். டிப்ஸ் என்ற சொல்லெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இலை எடுக்கிறவனுக்கு அது மரியாதை, அவ்வளவுதான். இலையை எடுத்தவன் தம்ளரைத் தூக்கிக் காசை எடுத்து டின்னில் போடுவான். மாசக் கடைசியில் பையன்கள் எல்லாரும் பிரித்துக்கொள்வார்கள்.

எங்கள் மேசைக்குச் சித்தப்பாதான் வந்தார். தோளில் துண்டு. மேசையைத் துடைத்து இலை போட்டு, தண்ணீர் தெளித்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"சோறு?"

"வை."

"கொழம்பு?"

"ம்."

அப்பாவுக்குப் பாகற்காய் உயிர். சித்தப்பா கேட்காமலே இரண்டு கரண்டி வைத்தார். அடுத்த சுற்றில் இன்னொரு கரண்டி. அப்பா இலைக்கு மேல் கையை விரித்துத் தடுத்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாகத்தான் தடுத்தார். என் இலையில் பொரித்த மீன் சினை வந்து விழுந்தது. சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அவர் பரிமாறுகிற அழகை. யாருக்கு எது பிடிக்கும், யார் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். முள் குத்தி வீங்குகிற கையா அது?

சாப்பிட்டு முடிந்தது. சித்தப்பா இலை எடுக்க வந்து நின்றார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? தன் இலையைத் தானே மடித்து எடுத்தார். அம்மா இலையையும் என் இலையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருந்த தகரப் பீப்பாயில் கொண்டுபோய்ப் போட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. தம்ளருக்கடியில் ஒன்றும் வைக்கவில்லை.

பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டார். "ஏங்க, எதாச்சும் வச்சிட்டு வந்திருக்கலாம்ல? எல்லாரும் வைக்கிறாங்க."

"என் தம்பிக்கு நான் பிச்ச போடவா?"

"எலய ஏன் நீங்க எடுத்தீங்க?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அவன் என் எச்சிய எடுக்கிறத நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமாடி?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

அப்பா செய்தது மரியாதைதான். வாயால் கொட்டியதைக் கையால் அள்ளப் பார்த்திருக்கிறார், பாவம். ஆனால் சித்தப்பா நின்ற இடத்தில் நின்று பாருங்கள். எடுக்க இலையும் இல்லை, தம்ளருக்கடியில் காசும் இல்லை. கையில் துணியோடு அவர் நின்ற நிலை இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சம்பளச் சனியும் போனோம். ஒவ்வொரு தடவையும் அதே கூத்து. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலம் வேறு. லயத்து வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி வாசல்வரை வரும். அம்மாவுக்கு ஒரே எண்ணம், தீபாவளிக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அண்ணன் வாயால் ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"இன்னைக்காச்சும் சொல்லுங்க, தீவாளிக்கு வாடான்னு."

"சொல்றேன், சொல்றேன்."

கடையில் அப்பா வாயைத் திறப்பார். சித்தப்பா கரண்டியோடு குனிவார். நானும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். "ரசம்" என்பார் அப்பா.

ஒருநாள் பணம் கட்டும்போது கடை முதலாளி அப்பாவைத் தனியாக அழைத்தார். நானும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டிரைவர், கோவிச்சுக்காதீங்க. ஒங்க மேசையில மட்டும் ஒத்தக் காசு விழ மாட்டேங்குது. பசங்க ஒங்க தம்பிய ஓட்டித் தள்ளுறானுங்க. 'ஒங்க அண்ணன் எலயயும் விட மாட்டாரு, காசயும் விட மாட்டாரு'ன்னு. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். பின்னால போயி நின்னுக்குவான்."

அப்பா முகம் செத்துப்போனது. என் கையைப் பிடித்திருந்த பிடி வலித்தது.

தீபாவளிக்கு முந்தின சம்பளம் வந்தது. பஸ் ஏறியதிலிருந்து அப்பா அம்மாவைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எவ்ளோ வைக்கலாம்?"

"கிராணி பத்து காசு வைக்கிறாரு."

"கிராணி வைக்கிறதும் நான் வைக்கிறதும் ஒண்ணா?"

"அப்ப ஒரு வெள்ளி வைங்க."

"ஒரு வெள்ளிய வச்சிக்கிட்டு அவன் தீவாளிக்கு என்னத்த வாங்குவான்? பத்து வைக்கிறேன்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வெள்ளி அப்போது சின்னப் பணமா? வீட்டுக்கு மாசச் சாமானில் பாதி வந்துவிடும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பதினொண்ணா வைங்க" என்றார்.

"அது எதுக்கு?"

"சொந்தத்துக்குக் குடுக்கிறத மொட்டையா குடுப்பாங்களா? ஒண்ணு சேத்து வைங்க."

உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லிக் கொடுங்கள். மொய் பதினொன்று, ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்றுதான் போகும். அந்த ஒன்று அடுத்த நல்ல காரியத்துக்கு அச்சாரம். நமக்குள் இன்னும் முடியவில்லை, போக்குவரத்து இருக்கிறது என்று அர்த்தம். மொட்டையாகக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளிக் காசை நீட்டினார். வீட்டிலிருந்தே முடிந்து கொண்டுவந்திருக்கிறார். அந்தக் காலத்து ஒரு வெள்ளிக் காசு, உள்ளங்கையில் கனமாக உட்காருமே, அது.

"சாப்பாட்டுக் கடையில எவன்டி மொய் வைப்பான்? சிரிப்பானுங்க. உள்ள வை" என்றார் அப்பா. அம்மா மறுபடியும் முடிந்துகொண்டார்.

அன்றைக்கு அப்பா இலையை எடுக்கவில்லை. இனிமேல் பையன்கள் தம்பியைக் கேலி பண்ணக் கூடாது, எல்லாரும் செய்கிறபடி செய்ய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். இலையை மடித்து மேசையிலேயே விட்டார். பத்து வெள்ளி நோட்டை நாலாக மடித்துத் தம்ளருக்கடியில் வைத்தார். யாரையும் பார்க்காமல் "வாங்க" என்று வேகமாக நடந்தார். வாசலில் நான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா அப்பாவின் இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தம்ளரைத் தூக்கினார். நோட்டைப் பிரித்துப் பார்த்தார். அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மறுபடியும் தம்ளரைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஊறுகாய்த் தட்டை நகர்த்திப் பார்த்தார். குனிந்து மேசைக்கடியிலும் பார்த்தார். பத்து வெள்ளியும் போதாதா இவருக்கு, இன்னும் என்னத்தைத் தேடுகிறார் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளை, என்ன தெரியும்?

பஸ்ஸில் அப்பாவுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். எனக்குக் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார்.

"தீவாளிக்கு வரச் சொன்னீங்களா?" என்றார் அம்மா.

"அதான் வச்சிட்டேன்ல. பத்து வெள்ளி எவனாச்சும் சும்மா வைப்பானா? புரிஞ்சுக்குவான். நான் கூப்புடுறேன்னு அவனுக்குத் தெரியாதா?"

அம்மா சித்தப்பாவுக்கு ஒரு வெளிர்நீலச் சட்டை வாங்கினார். தீபாவளி அன்று விடிவதற்குள் எண்ணெய் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அப்பா லயத்து முனைவரை போய்ப் போய் வந்தார். மத்தியானம், "கடையில லீவு கெடைக்கல போல" என்று சொல்லிப் பார்த்தார். தீபாவளிக்கு எந்தத் தமிழன் கடை திறப்பான்? அது அவருக்கும் தெரியும். சித்தப்பாவுக்குப் போட்ட இலையில் ஆட்டுக்கறி ஆறி நெய் உறைந்தது. அம்மா அதன்மேல் இன்னொரு இலையைப் போட்டு மூடினார். பொழுது சாயும்வரை யாரையும் அந்த இடத்தில் உட்கார விடவில்லை.

கடை திறந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பாவைக் காணோம். வேறொரு பையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"அவன் போயி ஒரு வாரமாச்சே டிரைவர்" என்றார் முதலாளி. "ஜொகூர்ல ஒரு கடையில வேல கெடச்சிருக்குன்னான். ஒங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னானே, சொல்லலியா?"

"சொன்னான், சொன்னான்" என்றார் அப்பா. அந்த மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார். வந்தது. குடிக்கவில்லை. எழுந்தபோது தம்ளருக்கடியில் என்ன வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. நீலச் சட்டையை இரும்புப் பெட்டியில் பூச்சி அரித்தது. தோட்டம் போனது, லயம் போனது, எங்களுக்கு மலிவு வீடு ஒன்று கிடைத்தது. என் கல்யாணத்துக்கு ஜொகூர் லோரிக்காரர் ஒருவர் கையில் சித்தப்பாவின் மொய் உறை வந்தது. அப்பா பிரித்தார். நூறு, தனியாக ஒன்று. நூறைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒரு வெள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணு சேத்து வச்சிருக்கான்டி" என்றார். "அவனுக்குத் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல" என்றார் அம்மா. அப்பா பெரிய பந்தலில் அத்தனை பேர் முன்னால் தேம்பினார். மகளைப் பிரிகிற அழுகை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"ஒரு எட்டு போயி அவனப் பாத்துட்டு வரணும்" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாசம், அடுத்த மாசம். போவார், போவார் என்றே நாங்களும் இருந்தோம். சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்தார்கள். அதோடு அந்தப் பேச்சும் நின்றது. அப்பா போய்ச் சேர்ந்தார்.

சாவுக்குச் சித்தப்பாவால் வந்து சேர முடியவில்லை. கருமாதி அன்று காலையில் வந்தார். தலை முழுக்க நரை. மீசையும் நரை. அம்மா அவரைப் பார்த்ததும், "வந்தியா தம்பி" என்று மட்டும் சொன்னார். "இன்னும் பரிமாறிக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அப்பா படத்துக்கு முன்னால் படையல் இலை போட்டு, பக்கத்தில் ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்தோம். சித்தப்பா என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். தோளில் துண்டைப் போட்டார். குனிந்து சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார். பாகற்காய் இரண்டு கரண்டி. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி. இந்தத் தடவை தடுக்கக் கை வரவில்லை.

சாமி கும்பிட்டு முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "அண்ணி, அன்னைக்கு அண்ணன் எலய எனக்கு விட்டுட்டுப் போனாரு. பத்து வெள்ளி வச்சாரு. மொட்டையா பத்து. ஒண்ணு எங்கயாச்சும் உருண்டு போயிருச்சான்னு மேசைக்கடியிலகூட தேடுனேன். சரி, அண்ணன் கணக்கத் தீத்துட்டாரு, இனிமே நான் அவருக்குக் கடப் பையன்தான்னு நெனச்சிட்டேன். டின்னுல போட்டேன். பசங்க எல்லாரும் பிரிச்சுக்கிட்டாங்க."

அம்மா எழுந்து உள்ளே போனார். இரும்புப் பெட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

சித்தப்பா அப்பாவின் படையல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அண்ணே, ஒம் பந்தியில உக்காருறேன்" என்றார். அண்ணன் சாப்பிட்ட இலை என்றுதானே அதற்குப் பெயர்? அதிலேயே பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கண்ணீர் மீசையில் இறங்கியது, துடைக்கவில்லை. சாப்பிட்டு முடித்து இலையை மடித்து இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்தார். நாங்கள் யாரும் குறுக்கே போகவில்லை.

திரும்பி வந்து, வேலைப் பழக்கம், தம்ளரைத் தூக்கினார். அதற்கடியில் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. கடைகளில் யாரும் வாங்காமல் போய் எவ்வளவோ காலமாகிவிட்ட அந்தக் கனமான காசு.

அம்மா அடுப்படி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கே முடிஞ்சு கொண்டாந்தேன் தம்பி. கடையில சிரிப்பாங்கன்னு ஒங்க அண்ணன் வாங்க மாட்டேன்னுட்டாரு. தீவாளிக்கு நீ வருவேன்னு லயத்து முனைக்கும் வீட்டுக்குமா நடந்து செத்தாரு மனுசன்."

சித்தப்பா அந்தக் காசைத் தன் வேட்டி முனையில் துடைத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். சட்டைப் பையில் போட்டு, பையின் மேலேயே கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இத நான் டின்னுல போட மாட்டேன் அண்ணி."